அம்மாவுக்கு முதல் ஸ்மார்ட்போன்: மதியமே நெட் தீர்ந்துபோகுது, வெளி வைஃபை போடலாமா?

ஓலைக்குடா தம்பி:

வணக்கம். அம்மா ராமேஸ்வரத்துல அக்னி தீர்த்தம் பக்கம் சங்கு, சிப்பி மாலைக் கடை வச்சிருக்காங்க. பட்டன் போன்ல இருந்து இப்பதான் ஆண்ட்ராய்டு போனுக்கு மாறியிருக்காங்க. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி திட்டம். மூணு விஷயம் தெரியணும்.

மதியம் 2 மணிக்குள்ள நெட் பெரும்பாலும் முடிஞ்சதுன்னு மெசேஜ் வந்துடுது. பாக்குறது வாட்ஸ்அப்பும் யூடியூப்ல பாட்டும் மட்டும்தான். அப்புறம் எங்கே போகுது?

பக்கத்து லாட்ஜ் வைஃபை, ரயில் நிலைய வைஃபை எல்லாம் போடலாமா? போட்டா பேங்க்ல இருக்கிற பணமே போயிடும்னு கடைத்தெருவுல பயமுறுத்துறாங்க.

தனுஷ்கோடி முனையில இருக்கிற அரிச்சல்முனை போனா சில நேரம் இலங்கை நெட்வொர்க் பேரு காட்டுது. கடலுக்குப் போற அண்ணன் போன்லயும் இதே. காசு பிடிப்பாங்களா?

அம்மாகிட்ட அப்படியே படிச்சுக் காட்டப் போறேன். அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

டவர் நிழல்:

தம்பி, நெட் எங்கே போகுதுன்னு யூகிக்க வேண்டாம், போனே எழுதி வச்சிருக்கு. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதுல சிம் பேரைத் தொட்டா ‘ஆப் டேட்டா யூசேஜ்’ இருக்கும். சாம்சங் போன்னா கனெக்‌ஷன்ஸ், டேட்டா யூசேஜ். எந்த ஆப் எவ்வளவு குடிச்சதுன்னு பெருசுல இருந்து சின்னது வரைக்கும் வரிசையா காட்டும். ஒரு ஆப்பைத் தொட்டா, திறந்து வச்சிருந்தப்போ எவ்வளவு, நமக்குத் தெரியாம பின்னணியில எவ்வளவுன்னு ரெண்டாப் பிரிச்சும் காட்டும். இந்த ரெண்டாவது எண்தான் முக்கியம்.

பாட்டுதானேன்னு நினைக்கிறது பெரிய தப்புக்கணக்கு. யூடியூப்ல பாட்டு கேட்டாலும் படமும் சேர்ந்துதான் இறங்குது. போனைக் கல்லாப்பெட்டிப் பக்கத்துல வச்சுட்டு அம்மா வியாபாரம் பாத்தாலும் படம் ஓடிக்கிட்டே இருக்கும். 480பி தரத்துல ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 500 எம்பி ஆகும். 1080பி-யில போனா 1.5 ஜிபியே ஒரு மணி நேரத்துல காலியாகலாம். யூடியூப் செட்டிங்ஸ்ல ‘வீடியோ குவாலிட்டி’ போய், மொபைல் நெட்வொர்க்குக்கு ‘டேட்டா சேவர்’ வைங்க. வைஃபைக்குத் தனியா ஒரு வரி இருக்கும், அதைத் தொட வேண்டாம். அப்படியே ‘ஆட்டோபிளே’யையும் நிறுத்துங்க. இல்லேன்னா ஒரு பாட்டு முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடும், கடை மூடுற வரைக்கும்.

வாட்ஸ்அப்ல செட்டிங்ஸ், ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’. ‘வென் யூசிங் மொபைல் டேட்டா’ன்னு இருக்கிறதைத் தொட்டு போட்டோ, ஆடியோ, வீடியோ, டாக்குமென்ட் நாலு டிக்கையும் எடுத்துடுங்க. அப்புறம் குரூப்ல வர்றது மங்கலாத் தெரியும், வேணும்னா தொட்டு இறக்கிக்கலாம். ஒரு வீடியோ 15 எம்பின்னா, ஒரு நாளைக்கு 30 வந்தா 450 எம்பி. அதுல பாதி ஒரே வீடியோ நாலு குரூப்ல சுத்தி வர்றது.

புதுப் போன்ல முதல் பத்து நாள் வேற ஒரு செலவும் உண்டு. கடையில ஏத்திக் கொடுத்த பழைய ஆப்கள் எல்லாம் வரிசையா அப்டேட் ஆகும். பிளே ஸ்டோர்ல மேல உங்க படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், நெட்வொர்க் பிரிஃபரன்சஸ் போய் ‘ஓவர் வைஃபை ஒன்லி’ வைங்க.

‘டேட்டா சேவர்’னு போன்லயே ஒரு பொத்தான் இருக்கு. போட்டுட்டு, வாட்ஸ்அப்புக்கும் பணம் வாங்குற ஆப்புக்கும் மட்டும் விலக்கு கொடுங்க. விலக்கு கொடுக்காம விட்டா மெசேஜ் தாமதமா வரும், போன் கெட்டுப்போச்சுன்னு அம்மா நினைச்சுடுவாங்க.

கணக்கு முடிஞ்சாலும் நெட் முழுசா நிக்காது. பெரும்பாலான திட்டத்துல வேகம் 64 கேபிபிஎஸ்க்கு இறங்கும். எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட், ஆக நொடிக்கு 8 கிலோபைட். 200 கிலோபைட் போட்டோ ஒண்ணு வர 25 நொடி. வீடியோ ஓடாது, ஆனா எழுத்து மெசேஜ் போகும். யூபிஐ கேக்குற டேட்டா ரொம்பக் கொஞ்சம், அதனால அதுவும் தட்டுத்தடுமாறிப் போகும். அவசரமில்லேன்னா பூஸ்டர் ரீசார்ஜ் போடாதீங்க, ராத்திரி 12 மணிக்குப் புதுக் கணக்கு வந்துடும்.

இன்னொண்ணு. கடையில மாட்டியிருக்கிற க்யூஆருக்கு வாடிக்கையாளர் பணம் போடுறதுக்கு அம்மா போன்ல நெட் இருக்கணும்னு அவசியமே இல்ல. பணம் நேரா பேங்குக்குப் போயிடும். சத்தம் போட்டுச் சொல்ற பெட்டி வச்சிருந்தா அதுக்குள்ள தனி சிம் இருக்கு.

கீழக்கரை லாத்தா:

வெளிநாட்டுக்குப் பேசுற வீடுகளுக்காகச் சேர்த்துக்கிறேன். வாட்ஸ்அப் வீடியோ கால் நிமிஷத்துக்குச் சுமார் 5 எம்பி, குரல் மட்டும்னா அதுல பத்துல ஒரு பங்குதான். தினமும் ஒரு மணி நேரம் முகம் பாத்துப் பேசினா 300 எம்பி. அதே ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பக்கத்துல ‘யூஸ் லெஸ் டேட்டா ஃபார் கால்ஸ்’னு ஒண்ணு இருக்கு, போட்டு வைங்க.

துபாய்ல வாட்ஸ்அப் கால் எடுக்காது, அந்த நாட்டுல தடை. அதுக்காக யாராவது லிங்க் அனுப்பி "இந்த ஆப்பை ஏத்துங்க"ன்னா ஏத்தாதீங்க. அங்கே கால் பேசப் பயன்படுத்துற போட்டிம் ஆப் வேணும்னா பிளே ஸ்டோர்ல தேடி ஏத்துங்க, அனுப்புன லிங்க்ல இருந்து வேண்டாம்.

மண்டபம் கேம்ப்:

வைஃபை கேள்விக்கு வர்றேன். கடைத்தெருவுல சொல்ற அளவுக்கு இல்ல. ஆனா கவனிக்க வேண்டிய இடம் வேற எங்கேயோ இருக்கு.

மொபைல் டேட்டான்னா உங்க சிம்முக்கும் டவருக்கும் நேரடிப் பேச்சு. வைஃபைன்னா நடுவுல இன்னொருத்தர் பெட்டி. லாட்ஜ்காரர் பெட்டி, ஸ்டேஷன் பெட்டி. அந்தப் பெட்டிக்காரருக்கு என்ன தெரியும்ங்கிறதுதான் கேள்வி.

அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்க. பாம்பன்ல நண்டை ஐஸ் பெட்டியில போட்டு, சுத்தி டேப் ஒட்டி, வண்டியில ஏத்துறாங்க. பெட்டி எந்த ஊருக்கு, யார் பேருக்குப் போகுதுன்னு டிரைவருக்குத் தெரியும். உள்ள எத்தனை கிலோ, என்ன ரகம்னு டேப்பைப் பிரிக்காம தெரியாது. இன்னைக்கு பேங்க் ஆப், யூபிஐ ஆப், வாட்ஸ்அப், முகவரி ‘https’னு தொடங்குற இணையதளம் எல்லாமே டேப் ஒட்டின பெட்டிதான். நீங்க எந்த பேங்க் தளத்துக்குப் போறீங்கன்னு வைஃபைக்காரர் பாக்கலாம். ரகசிய எண்ணையும் மெசேஜையும் படிக்க முடியாது. ஆனா ஒண்ணு, சில பிரவுசர்ல காட்டுற பூட்டுப் படத்துக்கு டேப் பிரியலைங்கிற அர்த்தம் மட்டும்தான். பெட்டியை வாங்குறவர் யோக்கியரான்னு அது சொல்லாது. திருட்டுத் தளமும் பூட்டு வச்சுக்கும்.

அப்போ பணம் எப்படிப் போகுது? பெரும்பாலும் நாமளே டேப்பைப் பிரிச்சுக் கொடுக்கிறதால.

ரயில்வே வைஃபையை வச்சே காட்டுறேன், ஏன்னா சரியான முறை எதுன்னு தெரிஞ்சாத்தான் தப்பானது கண்ணுல படும். பேரு ரெயில்வயர். வைஃபையைப் போட்டு அந்தப் பேரைத் தொட்டா ஒரு பக்கம் திறக்கும். போன் நம்பர் கேட்கும். எஸ்எம்எஸ்ல ஓடிபி வரும், அதைப் போட்டதும் நெட் வந்துடும். அவ்வளவுதான் கேட்கணும். ஒரு நாளைக்கு முதல் 30 நிமிஷம் இலவசம், வேகம் 1 எம்பிபிஎஸ். கணக்குப் போட்டா அதிகபட்சம் 225 எம்பி, ஒரு படம் முழுசா இறக்குற அளவு இல்ல. அதுக்கு மேல காசு கட்டிப் போடுறது தனி.

ஓடிபி வந்ததும் எண்ணை மட்டும் பாக்காம மெசேஜ் முழுசும் படிக்கணும். இதை அம்மாவுக்குக் கண்டிப்பா பழக்குங்க. வைஃபைக்குன்னு கேட்டு வாங்குற பக்கம் பின்னாடி உங்க நம்பரை வேற எங்கேயாவது போட்டு ஓடிபி வரவழைக்கலாம். மெசேஜ்ல வாட்ஸ்அப் பேரோ பேங்க் பேரோ இருந்தா அந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது, பக்கத்தை மூடிடணும்.

வைஃபை பக்கம் ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டா, ஏடிஎம் கார்டு எண் கேட்டா, "வேகத்துக்கு இந்த ஆப்பை ஏத்துங்க"ன்னு ஏபிகே (பிளே ஸ்டோருக்கு வெளியே வர்ற ஆப் ஃபைல்) இறக்கச் சொன்னா, அது வைஃபைக்கான பக்கமே இல்ல. இதுல ஏபிகேதான் ரொம்ப மோசம். எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதியை வாங்கிக்கும், அப்புறம் பேங்க் ஓடிபி எல்லாம் அங்கே போகும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம்னு வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகேயும் இதே வகைதான். முன்கூட்டியே கதவை அடைச்சுடுங்க: செட்டிங்ஸ், ஆப்ஸ், ‘ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்’, ‘இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்’. அங்கே வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் எல்லாத்துக்கும் அனுமதி இல்லைன்னு இருக்கணும்.

அடுத்தது பேர் மோசடி. பாஸ்வேர்டு இல்லாத வைஃபையை, அதோட பேரை வச்சுத்தான் போன் அடையாளம் காணுது. ஒரு தடவை சேர்ந்த பேர்ல பக்கத்து மேசைக்காரர் தன் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டா, போன் தானா போய் ஒட்டிக்கும். லாட்ஜ் வரவேற்பறைச் சுவர்ல பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்தாலும் இதே நிலைமைதான், எல்லாருக்கும் தெரிஞ்ச பாஸ்வேர்டை வச்சு யார் வேணும்னாலும் அதே பேர்ல போலி போடலாம். அதனால வேலை முடிஞ்சதும் அந்தப் பேருக்குப் பக்கத்துல இருக்கிற சக்கரத்தைத் தொட்டு ‘ஃபர்கெட்’ கொடுங்க. அடிக்கடி வர்ற இடம்னா ‘ஆட்டோ கனெக்ட்’டை மட்டும் நிறுத்தினாப் போதும்.

வைஃபையில இருக்கும்போது இணைப்பு பாதுகாப்பானது இல்லைன்னு பிரவுசர்ல முழுப்பக்கச் சிவப்பு எச்சரிக்கை வந்தா, கீழ சின்ன எழுத்துல இருக்கிற ‘பரவாயில்ல, தொடரு’ங்கிறதைத் தொடாதீங்க. டேப் பிரிஞ்ச பெட்டின்னு போனே சொல்லுது. போன்ல தேதி தப்பா இருந்தாலும் இதே எச்சரிக்கை வரும், முதல்ல அதைப் பாருங்க. தேதி சரியா இருந்தும் வந்தா அந்த வைஃபையை விட்டுடுங்க.

பண விஷயத்தை மொபைல் டேட்டாவுலயே வச்சுக்கோங்க. அதுக்கு ஆகுற டேட்டா ரொம்பக் கொஞ்சம், வைஃபை தேட வேண்டிய அவசியமே இல்ல. பாட்டு, செய்தி, ஆப் அப்டேட்டுக்கு வைஃபை நல்லது.

ராம்நாட் நெட்:

ஒரு ஃப்ரீ விபிஎன் போட்டா எல்லாக் கவலையும் தீர்ந்துடுமே?

மண்டபம் கேம்ப்:

தீராது தம்பி. விபிஎன் போட்டா லாட்ஜ்காரர் கண்ணுல இருந்து மறையுறீங்க, ஆனா எல்லாமே விபிஎன்காரர் வழியாப் போகுது. காசு வாங்காம அவர் எப்படிக் கம்பெனி நடத்துறார்னு யோசிங்க. உங்க உலாவலை விற்கிற விபிஎன்களும் இருக்கு. பல பேங்க் ஆப் விபிஎன் இருந்தா திறக்கவே திறக்காது, அப்புறம் ஆப் கெட்டுப்போச்சுன்னு கஸ்டமர் கேர் நம்பரை இணையத்துல தேடுவாங்க, போலி நம்பர்ல மாட்டிக்குவாங்க. புதுசா கத்துக்கிறவங்களுக்கு இது தேவையில்லாத சுமை.

அதைவிட வீட்டுல ஒருத்தர் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுக்கிறது மேல். பாஸ்வேர்டு 12 எழுத்துக்குக் குறையாம வைங்க, போன் நம்பரையே பாஸ்வேர்டா வைக்காதீங்க.

ராம்நாட் நெட்:

சரிண்ணே, புரிஞ்சுது. இன்னொண்ணு: வைஃபை சேர்ந்துடுது, ஆனா ஓடிபி கேக்குற பக்கமே வர மாட்டேங்குது. வெறும் வட்டம் சுத்துது.

மண்டபம் கேம்ப்:

அந்தப் பக்கம் நடுவுல குறுக்கிட்டுத்தான் வரணும். டேப் ஒட்டின தளத்துக்குள்ள அது குறுக்கிட முடியாது. அதனால நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்னு பிரவுசர்ல அடிங்க, டேப் இல்லாத தளம் அது, உடனே ஓடிபி பக்கம் வந்துடும். அப்பவும் வரலேன்னா செட்டிங்ஸ்ல ‘பிரைவேட் டிஎன்எஸ்’ல யாராவது பேர் எழுதி வச்சிருக்காங்களான்னு பாருங்க, ‘ஆட்டோமேட்டிக்’குக்கு மாத்துங்க. ஓடிபி எஸ்எம்எஸ்ஸா வர்றதால சிம்ல சிக்னல் இருக்கணும், ஃபிளைட் மோடுல உக்காந்துட்டு ஓடிபிக்குக் காத்திருக்கக் கூடாது.

விசைப்படகு:

இலங்கை விஷயம் என் பக்கம். தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல 30 கிலோமீட்டர் கூட இல்ல, நடுவுல மறைக்க மரமோ கட்டடமோ கிடையாது. பழைய 2ஜி டவரே 35 கிலோமீட்டர் வரைக்கும் பேசும்படி வடிவமைச்சது. அதனால டயலாக், மொபிடெல், ஹட்ச்னு பேர் தெரிஞ்சா போன் கெட்டுப்போகலை, அது இலங்கை டவரைப் பிடிச்சிருக்கு. கடல்ல ஈரக்காத்தும் சூடும் சேர்ந்து ரேடியோ அலையை வளைச்சுக் கொண்டுபோறதால சில நாள் தூரத்து டவரும் நல்லாத் தெரியும், மறுநாள் தெரியாது.

வேற நாட்டுக்குப் போனா போன்ல நேரம் மாறும், அதை வச்சுக் கண்டுபிடிக்கலாம்னு நினைப்போம். இங்கே அது நடக்காது. இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரம். திரையை மேலிருந்து இழுத்து நெட்வொர்க் பேரைப் பாக்கிறதுதான் வழி.

காசு பிடிக்குமா? உங்க சிம்ல வெளிநாட்டு ரோமிங் போட்டு வைக்கலேன்னா பேர் காட்டும், நெட் வராது, காசும் போகாது. வெளிநாடு போயிட்டு வந்தவங்க சிம்ல, போஸ்ட்பெய்டு சிம்ல ரோமிங் திறந்திருக்கும். அதுலதான் மாட்டுறது. அப்போ வாட்ஸ்அப்பைத் தொடாம இருந்தாலும், பின்னணியில ஓடுறதே பில்லை ஏத்திடும். வர்ற கால் எடுத்தாலும் காசு. செட்டிங்ஸ்ல சிம் பேரைத் தொட்டு ‘ரோமிங்’கை நிறுத்தி வைங்க, ரெண்டு சிம் இருந்தா ரெண்டுக்கும் தனித்தனியா நிறுத்தணும். இது டேட்டாவை மட்டும்தான் நிறுத்தும். கால், எஸ்எம்எஸ் ரோமிங்கை நிறுத்த சிம் கம்பெனிக்குத்தான் சொல்லணும்.

கடலுக்குப் போற அண்ணனுக்கு ஒண்ணு. ஆபத்துன்னா போன் சிக்னலை நம்பி இருக்க வேண்டாம். விஎச்எஃப் ரேடியோவுல 16-ஆம் சேனல். போன் எடுக்கிற தூரத்துல இருந்தா கடலோரக் காவல் படை எண் 1554.

ஓலைக்குடா தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாகிட்ட நண்டுப் பெட்டியை வச்சுச் சொன்னதும் உடனே புரிஞ்சுக்கிட்டாங்க. அரிச்சல்முனையில இருந்து திரும்பி வந்து ரெண்டு மணி நேரமாச்சு, இன்னும் இலங்கைப் பேரே காட்டுது. அப்புறம் ஆடி அமாவாசை அன்னைக்கு சிக்னல் கோடு முழுசா இருந்தும் பணம் வாங்க முடியலைன்னு சொல்றாங்க, அது ஏன்?

விசைப்படகு:

ஒருதடவை வெளிநாட்டு டவரைப் பிடிச்ச போன் அந்த சிக்னல் அறுந்து போற வரைக்கும் விடாது. ஃபிளைட் மோடைப் போட்டுப் பத்து நொடி கழிச்சு எடுங்க, நம்ம ஊர் டவரைத் தேடும். அப்பவும் வரலேன்னா ‘நெட்வொர்க் செலக்‌ஷன்’ல ஆட்டோமேட்டிக்கை எடுத்துட்டு உங்க கம்பெனி பேரைத் தொடுங்க. ஊருக்குள்ள வந்ததும் மறுபடி ஆட்டோமேட்டிக்குக்கு மாத்திடுங்க. அப்படியே விட்டா சிக்னல் இல்லாத இடத்துல போன் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துடும்.

டவர் நிழல்:

அமாவாசைக்கு: கோடு காட்டுறது டவர் எவ்வளவு பலமாக் கேக்குதுங்கிறதை மட்டும்தான். அந்த டவர்ல எத்தனை பேர் தொங்குறாங்கன்னு கோடு சொல்லாது. அன்னைக்கு அக்னி தீர்த்தக் கரையில நிக்கிற எல்லாரும் அதே ஒண்ணு ரெண்டு டவரைத்தான் பங்கு போடுறாங்க. நெட்வொர்க் வகையை 5ஜில இருந்து 4ஜிக்கு மாத்திப் பாருங்க, சில நேரம் கூட்டம் குறைஞ்ச அலைவரிசை கிடைக்கும்.

பணம் நடுவுல நின்னா வாடிக்கையாளரை மறுபடி போடச் சொல்லாதீங்க. கடைக்குப் போட்ட பணம் அங்கே கழிஞ்சு இங்கே வரலேன்னா, 5 நாளுக்குள்ள அவர் கணக்குக்குத் தானா திரும்பணும்னு ரிசர்வ் வங்கி 2019-ல விதி போட்டிருக்கு. அவர் திரையில ‘வெற்றி’ன்னு காட்டுறதை வச்சுப் பொருளைக் கொடுக்காதீங்க, அந்தத் திரையை யார் வேணும்னாலும் தயார் பண்ணலாம். பெட்டி சத்தம் போடணும், இல்லேன்னா அம்மாவோட ஆப்ல பணம் வந்ததாக் காட்டணும்.

மண்டபம் கேம்ப்:

ஒருவேளை எங்கேயாவது ஏமாந்துட்டா என்ன செய்யணும்னும் அம்மாகிட்ட சொல்லி வைங்க. முதல்ல ஃபிளைட் மோடு போட்டு, வைஃபையும் நின்னிருக்கான்னு பாக்கணும். அடுத்து வேற போன்ல இருந்து 1930-க்குக் கூப்பிடணும். அப்புறம் பேங்க், அதுவும் பாஸ்புக்ல அச்சடிச்ச நம்பர். சீக்கிரம் சொன்னாத்தான் பணத்தை நடுவழியில நிறுத்த முடியும். திட்டு விழும்னு பயந்து ராத்திரி வரைக்கும் வீட்டுல சொல்லாம இருக்கிறதுதான் பெரிய நஷ்டம், அதனால யாரும் திட்ட மாட்டோம்னு இப்பவே சொல்லிடுங்க.

ஓலைக்குடா தம்பி:

இப்பதான் டேட்டா யூசேஜ் பக்கத்தைப் பாத்தேன். யூடியூப் ரெண்டாவதுதான். முதல்ல நிக்கிறது கூகுள் போட்டோஸ், கிட்டத்தட்ட அதுல ரெண்டு மடங்கு, எல்லாமே பின்னணியில. அம்மா அந்த ஆப்பைத் திறந்ததே இல்ல!

டவர் நிழல்:

புது மாலை கோத்ததும் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்புவாங்களா? எடுக்கிற ஒவ்வொரு படமும் கூகுளுக்குத் தானா ஏறிக்கிட்டு இருக்கு. ஒரு படம் 4 எம்பின்னா 100 படம் 400 எம்பி. போட்டோஸை திறந்து, மேல வட்டத்தைத் தொட்டு, போட்டோஸ் செட்டிங்ஸ், ‘பேக்கப்’, ‘மொபைல் டேட்டா யூசேஜ்’. அதுல ‘நோ டேட்டா’ வைங்க. பேக்கப்பை முழுசா நிறுத்திடாதீங்க, போன் கடல்ல விழுந்தா படம் எல்லாம் போயிடும். நீங்க வீட்டுல ஹாட்ஸ்பாட் போடுற நேரம் மட்டும் கவனம், அதை வைஃபைன்னு நினைச்சு அம்மா போன் உங்க டேட்டாவை இழுத்துடலாம். அம்மா போன்ல அந்த ஹாட்ஸ்பாட் பேருக்குப் பக்கத்துச் சக்கரத்தைத் தொட்டு ‘நெட்வொர்க் யூசேஜ்’ல ‘மீட்டர்ட்’னு (அளவு உள்ள நெட்னு அர்த்தம்) மாத்தி வைங்க.